கையில் மாவுக்கட்டு, கப்பலில் டிக்கெட்: பயணத்தை ரத்து செய்ய வேண்டுமா?

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

அவருடைய எட்டு வயது மகன் பூங்காவில் கம்பியில் தொங்கி விளையாடும்போது பிடி நழுவி விழுந்துவிட்டான். வலது முன்கையின் இரண்டு எலும்புகளும் முறிந்துவிட்டன. மயக்க மருந்து கொடுத்து, அறுவை சிகிச்சை இல்லாமல் எலும்பை நேராக்கி, அக்குளுக்குச் சற்றுக் கீழிருந்து உள்ளங்கை வரை ஃபைபர் கட்டு போட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு நகராமல் இருக்கிறது. இதற்கு நடுவில், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கொழுந்தனார் ஆறு மாதம் முன்பே குடும்பம் மொத்தத்துக்கும் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டார். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுப் பயணம். திருச்சியிலிருந்து விமானம் ஏறும் அன்று கட்டு போட்டுப் பதினாறு நாள் ஆகியிருக்கும். அடுத்த எக்ஸ்ரேக்கு மருத்துவர் கொடுத்திருக்கும் தேதி விமானத்துக்கு முந்தைய நாள்.

அவருடைய கேள்விகள்: போகலாமா, ரத்து செய்வதா? ஃபைபர் கட்டு தண்ணீர் படலாம் என்றுதானே கூடுதல் பணம் கொடுத்துப் போட்டோம், நீச்சல் குளத்தில் இறக்கலாமா? மாமியார் சொல்வது போல் இதைப் பிரித்துவிட்டு புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு போகலாமா? கட்டு போட்ட பையன் என்று தெரிந்தால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள், முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துவிடு என்கிறார் ஓர் உறவினர், சரியா? கடைசியாக, தம்பி குளத்தில் இறங்க முடியாதபோது பன்னிரண்டு வயது அக்காவை மட்டும் இறங்கவிடுவது நியாயமா?

அம்மா, பயணத் தேதி நெருங்குவதால் உங்கள் கடிதத்துக்கு முதலில் பதில் எழுதுகிறேன். போகலாம், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. நான் குழந்தைகளின் எலும்பு மருத்துவன். உங்கள் கடிதம் முழுக்கக் கட்டைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள். நான் கவலைப்படுவது அந்த இரண்டாவது எக்ஸ்ரேயைப் பற்றி.

எக்ஸ்ரே தேதியை முன்னால் இழுங்கள்

முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்து, நேராக்கிக் கட்டுப் போட்ட குழந்தைகளுக்கு முதல் இரண்டு வாரம்தான் கண்டம். அடிபட்டவுடன் கை வீங்கியிருக்கும். அந்த வீக்கத்தின் மேல்தான் கட்டு போடுவோம். ஒரு வாரம், பத்து நாளில் வீக்கம் வடிந்ததும் கட்டுக்குள் இடம் கிடைத்து, கை உள்ளே ஆட ஆரம்பிக்கும். முதல் எக்ஸ்ரேயில் நேராக இருந்த எலும்பு இரண்டாவதில் வளைந்திருப்பதை வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன். மூன்று வாரம் ஆகிவிட்டால் புது எலும்பு பசை போலப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவு எளிதில் நகராது. ஆனால் அதற்குள் வளைந்தபடியே பிடித்துவிட்டால், திரும்ப நேராக்குவது பெரிய வேலை.

எட்டு வயதில் எலும்பு வளரும்போது சிறு வளைவுகள் தானாகவே நேராகிவிடும் என்பது உண்மைதான். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் முறிந்தால் அது நன்றாக நடக்கும். உங்கள் பையனுக்கு முன்கையின் நடுவில் முறிந்திருக்கிறது. அங்கே அந்தச் சலுகை குறைவு. எலும்பு முறுக்கிக்கொண்டு சேர்ந்தால் வளர்ச்சி அதைச் சரிசெய்யாது. உள்ளங்கையை மேலே திருப்பிச் சோற்றை அள்ள முடியாமல் போகும்.

ஆகவே, விமானத்துக்கு முந்தைய நாள் எக்ஸ்ரே என்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். உங்கள் மருத்துவரிடம் பயணத்தைச் சொல்லி, பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ மாற்றித் தரச் சொல்லுங்கள். இதற்கு இரண்டு காரணம் உண்டு. எலும்பு நகர்ந்திருந்தால் மறுபடி மயக்கம் கொடுத்து நேராக்கவோ, உள்ளே வளையும் கம்பி செலுத்தவோ வேண்டியிருக்கும். அந்த முடிவைப் பெட்டி கட்டும் ராத்திரியில் எடுக்கக் கூடாது. இன்னொன்று, எலும்பு சரியாக இருந்து கட்டு மட்டும் தளர்ந்திருந்தால் புதுக்கட்டு போடுவார்கள். புதுக்கட்டு போட்டு 48 மணி நேரம் ஆகாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணத்துக்குப் பொதுவாக அனுமதிப்பதில்லை. மேலே போகும்போது கை வீங்கினால் இறுகிய கட்டு விரிந்து கொடுக்காது என்பதுதான் காரணம். திருச்சி–சிங்கப்பூர் நான்கு மணி நேரத்துக்கு மேல். அவசியப்பட்டால் கட்டை நீளவாக்கில் பிளந்து மேலே துணிப்பட்டை சுற்றி அனுப்பலாம். ஆனால் எலும்பைப் பிடித்து வைக்க வேண்டிய கட்டைப் பிளந்து அனுப்ப எந்த மருத்துவருக்கும் மனசு வராது.

எக்ஸ்ரே நன்றாக இருந்தால் கிளம்புங்கள். நகர்ந்திருந்தால் ரத்து செய்யுங்கள், அல்லது பெற்றோரில் ஒருவரும் பையனும் இங்கேயே இருக்கட்டும். ‘கப்பல் முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்ற மூன்றாவது வழி கிடையாது.

இப்போதே கொழுந்தனாரிடம் ஒரு வேலை சொல்லுங்கள். பயணக் காப்பீடு எடுத்திருக்கிறாரா, எடுத்தது பையன் விழுவதற்கு முன்பா பின்பா என்று பார்க்கட்டும். முன்பே எடுத்திருந்தால், காயத்தால் பயணம் ரத்தாகும்போது பணம் திரும்பக் கிடைக்க வழி இருக்கலாம். மருத்துவரின் கடிதம் கேட்பார்கள். விழுந்த பிறகு எடுத்தது என்றால் அந்தக் கை சம்பந்தமான செலவு எதையும் பெரும்பாலும் தர மாட்டார்கள். கப்பல் நிறுவனங்களோ, கிளம்பும் தேதி நெருங்க நெருங்கப் பிடித்தத்தை ஏற்றிக்கொண்டே போகும், கடைசி நாட்களில் முழுப் பணமும் போய்விடும். இங்கே குடும்பத்துக்கு எடுத்து வைத்திருக்கும் சாதாரண மருத்துவக் காப்பீடு பொதுவாக வெளிநாட்டில் செல்லாது என்பதும் நினைவிருக்கட்டும்.

ஃபைபர் என்றால் நனையலாமா?

கூடாது. இந்தத் தவறான நம்பிக்கைக்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். மருத்துவமனைகளிலேயே ‘தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது’ என்று சொல்லித்தான் ஃபைபர் கட்டைப் போடுகிறார்கள். மேலே உள்ள ஃபைபர் ஓடு தண்ணீரில் கரையாது என்பது மட்டும்தான் அதில் உண்மை. அந்த ஓட்டுக்குள் தோலை ஒட்டி ஒரு துணி உறை, அதன் மேல் பஞ்சு. அது நனைந்தால் எளிதில் காயாது. ஊறிப்போன தோல் வெளுத்து, நாற்றமடித்து, புண்ணாகும். சிங்கப்பூர், புக்கெட் காற்றில் இருக்கும் ஈரப்பதத்தில் வெளியே போட்ட துணியே காய மறுக்கும்.

பஞ்சுக்குப் பதில் தண்ணீர் தங்காத உள்ளுறை வைத்துப் போடும் கட்டும் உண்டு. ஆனால் புதிதாக நேராக்கிய எலும்புக்கு அதைப் போட நானும் தயங்குவேன், உங்கள் மருத்துவரும் தயங்குவார். இணையத்தில் விற்கும் ரப்பர் உறையைப் போட்டுக்கொண்டு நீந்தும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். முழங்கைக்குக் கீழே நிற்கும் கட்டுக்கு அது ஓரளவு சரி. உங்கள் பையனுக்குக் கட்டு அக்குள் வரை ஏறுகிறது. உறையின் வாய் இறுக்கிப் பிடிக்கத் தோலே மிச்சமில்லை. தவிர, ஒரு கை மடங்கியபடி கனமாக இருக்கும் குழந்தை குளத்தில் மிதப்பதே சிரமம்.

அந்த ரப்பர் உறையைக் குளிப்பதற்காக வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் தோள்பட்டையில் ஒரு துண்டைச் சுற்றி, அதன் மேல் பெரிய குப்பைப் பை மாட்டி, வாயை டேப்பால் ஒட்டி, கையைத் திரைக்கு வெளியே நீட்டியபடி குளிப்பாட்டுங்கள். கப்பல் குளியலறை சின்னது, ஷவரைக் கையில் எடுத்துப் பிடிக்கும்படி இருந்தால் வேலை சுலபம். கொஞ்சம் நனைந்துவிட்டால் ஹேர் டிரையரைக் குளிர்ந்த காற்றில் வைத்துக் கட்டின் வாய் வழியாக ஊதுங்கள். சூடான காற்று வேண்டாம், உள்ளே தோல் வெந்துவிடும். முழுக்க நனைந்து போனால் ‘காய்ந்துவிடும்’ என்று காத்திருக்காமல் கப்பல் மருத்துவரிடம் போங்கள், கட்டை மாற்ற வேண்டியிருக்கும்.

அதே ஹேர் டிரையர் அரிப்புக்கும் உதவும். பென்சில், சீப்பு, ஈர்க்குச்சி எதையும் உள்ளே விடக் கூடாது. ஒரு பையனின் கட்டைப் பிரித்தபோது உள்ளே இரண்டு ரூபாய் நாணயமும் அதன் கீழே நாணய வட்டத்திலேயே புண்ணும் இருந்தன. கடற்கரை மணலும் அதே வேலையைத்தான் செய்யும். புக்கெட்டில் மணலில் உட்கார்ந்து வீடு கட்டுவது வேண்டாம்.

மாமியார் சொல்லும் கட்டு

அவர் மீது கோபப்படாதீர்கள். அவருடைய சிறு வயதில் கை ஒடிந்தால் புத்தூருக்கு வண்டி கட்டிப் போவதுதான் வழக்கம், அதில் குணமானவர்களைக் கண்ணால் பார்த்திருப்பார். குழந்தைகளின் எலும்பு, முனைகள் ஓரளவு நேராக இருந்தால் எந்தக் கட்டிலும் சேர்ந்துவிடும் என்பதால்தான் அப்படிக் குணமானார்கள். ஆனால் எக்ஸ்ரே இல்லாமல், மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டியதில் ரத்த ஓட்டம் நின்று, விரல்கள் மடங்கி, கழுகின் கால் போல ஆன கைகளையும் நாங்கள் பார்க்கிறோம். அந்த நிலைக்கு வோல்க்மன் சுருக்கம் என்று பெயர். வந்தால் முழுதாகச் சரியாகாது.

அதைவிட முக்கியம், இரண்டு வாரத்தில் கட்டைப் பிரித்தாலே நேராக்கிய எலும்பு விலகிவிடலாம். யார் பிரித்தாலும், எதற்காகப் பிரித்தாலும் இந்த ஆபத்து உண்டு. புத்தூர் கட்டு போட்டாலும் குளத்தில் இறங்க முடியாது, ஆகவே அந்த வழியில் லாபமும் இல்லை. மாமியாரிடம் இந்தக் கடைசி வரியைச் சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்.

மறைக்க வேண்டாம், சொல்லிவிடுங்கள்

முழுக்கைச் சட்டை யோசனையைப் படித்துச் சிரித்துவிட்டேன். முழங்கை மடங்கிய கட்டின் மேல் எந்தச் சட்டையின் கையும் ஏறாது. அரைக்கைச் சட்டையில் ஓரத் தையலைப் பிரித்து ஒட்டும் பட்டை தைத்துக்கொள்வதுதான் உபயோகமான தையல் வேலை. பொத்தான் வைத்த சட்டைகளாக எடுத்து வையுங்கள்.

கையில் கட்டு இருப்பது கப்பல் ஏறத் தடை ஆகாது. ஏறுவதற்கு முன் கேட்கும் உடல்நலக் கேள்விகள் பெரும்பாலும் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு பற்றியவை, கப்பலில் தொற்று பரவாமல் இருக்க. முன்கூட்டியே நிறுவனத்துக்கு எழுதினால் நமக்குத்தான் நல்லது. கேபினில் சுவரிலிருந்து இறக்கும் மேல் படுக்கை இருந்தால் அதை அக்காவுக்குக் கொடுத்து, பையனுக்குக் கீழ்ப் படுக்கை கேட்கலாம். கப்பலில் மருத்துவரும் மருத்துவ அறையும் இருக்கும், பெரிய கப்பல்களில் எக்ஸ்ரேயும் இருக்கும். கட்டு வெட்டும் கருவி இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வையுங்கள். அங்கே பார்க்கும் வைத்தியத்துக்குத் தனிக் கட்டணம், டாலர் கணக்கில் கேபின் பில்லில் ஏறிவிடும். காப்பீட்டு நிறுவனத்திடமும் கப்பல் நிறுவனத்திடமும் மறைத்துவிட்டு, பிறகு அந்தக் கைக்கே செலவு வந்தால் கேட்கும் வாய் நமக்கு இருக்காது.

மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்: என்ன முறிவு, கட்டு போட்ட தேதி, விமானத்தில் பயணம் செய்யலாம் என்ற ஒரு வரி, மருந்துகளின் பெயர். எக்ஸ்ரே படங்களை போனில் எடுத்து வையுங்கள். விமானத்தில் வலப்பக்க ஜன்னல் இருக்கையாகக் கேளுங்கள். அப்போது கட்டு ஜன்னல் பக்கம் இருக்கும், நடைபாதையில் சாப்பாட்டு வண்டி வந்து இடிக்காது. பாதுகாப்புச் சோதனையில் கட்டின் மேல் ஒரு பட்டையைத் தேய்த்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

கப்பலில் என்ன செய்வான்?

நிறைய செய்யலாம். மாயாஜாலக் காட்சி, நாடக அரங்கு, குழந்தைகளுக்கான விளையாட்டு அறை, ஒரு கையால் ஆடும் குட்டி கோல்ஃப், மேல்தளத்தில் நின்று கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்வதைப் பார்ப்பது. விளையாட்டு அறையில் விடும்போது கட்டு இருப்பதையும் என்னென்ன கூடாது என்பதையும் பணியாளர்களிடம் வாயால் சொல்லுங்கள். பாறை ஏறும் சுவர், தண்ணீர்ச் சறுக்கு, குதிக்கும் வலை மூன்றும் கிடையாது.

நான் பயப்படுவது இரண்டாவது முறை விழுவதற்கு. கட்டு போட்ட குழந்தைக்குச் சமநிலை கொஞ்சம் மாறியிருக்கும், தரையும் லேசாக ஆடும். குளத்தைச் சுற்றியுள்ள தளம் எப்போதும் ஈரம். குளியலறை வாசலில் ஒரு சின்னத் திட்டு இருக்கும், முதல் நாளே காட்டிவிடுங்கள். செருப்பு வேண்டாம், வழுக்காத ஷூ. படியில் இடது கையால் கைப்பிடியைப் பிடித்தே இறங்க வேண்டும். பஃபேயில் தட்டை அவன் தூக்க வேண்டாம், முக்கியமாகச் சூடான சூப்பை. இடது கையால் சாப்பிடுவதற்குப் பாட்டி முகம் சுளித்தால், ஸ்பூன் இருக்கிறது.

பினாங்கில் பெரும்பாலும் கப்பல் ஜார்ஜ் டவுன் கரையிலேயே அணையும். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் லிட்டில் இந்தியா, குயின் தெருவில் மகா மாரியம்மன் கோயில், இட்லி, தோசை. அங்கே தாராளமாக அழைத்துப் போங்கள். புக்கெட்டில் பல கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு, சிறு படகில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோகும். ஆடும் படகுக்கு ஏறி இறங்க இரண்டு கை வேண்டும். உங்கள் கப்பலும் அப்படி என்றால், கடல் அமைதியாக இல்லாத அன்று பையனும் நீங்களும் கப்பலிலேயே இருங்கள். எல்லோரும் இறங்கிப் போன கப்பலில் கூட்டமே இருக்காது, அவனுக்கு அதுவே கொண்டாட்டம்.

வலிக்குப் பாரசிட்டமால், ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, ஆறு மணி நேர இடைவெளியில். இரண்டு வாரம் கழித்து அதற்கே தேவை அதிகம் இருக்கக் கூடாது. குமட்டலுக்கான மாத்திரையை இங்கேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சில மாத்திரைகள் தூக்கம் தரும், தூங்கி வழிகிற பையனை ஈரத் தளத்தில் நடக்கவிடாதீர்கள்.

காலையும் இரவும் கட்டு போட்ட கையின் நகத்தை அழுத்தி, பிறகு விட்டுப் பாருங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவந்தால் நல்லது. விரல் நீலமாகவோ சில்லென்றோ மாறினால், மரத்துப்போனால், விரலை நீட்டிவிடும்போது துடித்தால், மருந்துக்கும் அடங்காமல் அழுதால், கட்டுக்குள்ளிருந்து நாற்றமோ கசிவோ வந்தால், காய்ச்சல் வந்தால், மறுபடி கீழே விழுந்தால், விடியட்டும் என்று இருக்காமல் உடனே மருத்துவ அறைக்குப் போங்கள்.

அக்காவின் நீச்சல்

அவளை இறங்கவிடுங்கள். தம்பிக்கு ஒடிந்த கைக்கு அவள் தண்டனை அனுபவித்தால், நான்கு நாளில் அவன் மேல் வெறுப்புதான் மிஞ்சும். அதே சமயம், அவள் நீந்துவதைக் கரையில் உட்கார்ந்து பார்க்கும் வேலையையும் அவனுக்குக் கொடுக்காதீர்கள். அவள் அப்பாவோடு குளத்தில் இருக்கும் நேரத்தில் அவன் உங்களோடு வேறு எங்காவது இருக்கட்டும், அது அவன் தேர்ந்தெடுத்த இடமாக இருக்கட்டும். கிளம்பும் முன்பே ‘குளம் கிடையாது’ என்று சொல்லிவிடுங்கள். ‘அங்கே போய்ப் பார்க்கலாம்’ என்று இழுத்தால் அழுகை கப்பலில்தான் வரும். கூட்டம் இல்லாத காலை நேரத்தில், உறை மாட்டி, நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, கால் மட்டும் நனைக்க நான் அனுமதிப்பேன்.

திரும்பி வந்த பிறகு பொதுவாக ஆறு வாரம் ஆனதும் எக்ஸ்ரே பார்த்துக் கட்டை எடுப்பார்கள். எடுத்த அன்று முழங்கை விறைப்பாக இருக்கும், கை மெலிந்து தோல் உரியும். யாரும் எண்ணெய் போட்டு உருவிவிட வேண்டாம், இழுத்து மடக்கவும் வேண்டாம். அவன் பாட்டுக்கு விளையாடி, சாப்பிட்டு, எழுதினாலே சில வாரத்தில் நீளும். முன்கை எலும்பு முதல் சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடி ஒடிய வாய்ப்பு உண்டு. பள்ளி திறந்ததும் விளையாட்டு வகுப்புக்கு எவ்வளவு நாள் விலக்கு வேண்டும் என்று மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பூங்காவின் அந்தக் கம்பிக்கும் அதே விலக்கு.